போனுக்கு வெள்ளிக்கிழமை விரதம்

போன் பேட்டரியை நூறு வரை ஏற்றக் கூடாது, அத்தை. எண்பதில் கழற்றிவிட வேண்டும். சோறு மாதிரிதான், வயிறு முட்டப் போட்டால் ஆயுள் குறையும்.

தேத்தண்ணீர் ஆறுகிறது, குடியுங்கள். நிச்சயதார்த்த மோதிரத்தைத் தங்கை யசோ கழற்றிக் கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறாள், போகும்போது தருகிறேன். உங்கள் மகன் கிருஷ்ணராஜுக்கு உங்கள் ஊர் ஹேவாஹெட்டயிலேயே வேறு பெண் பேசி முடித்துவிட்டீர்கள். ஆகவே, ஏன் இப்படி ஆனது என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதால் இனி யாருக்கும் நட்டமில்லை.

தங்கைதான் முதலில் வந்து நின்றாள். "பிரேமிக்கா, போன் மத்தியானத்துக்குள்ள செத்துப் போகுது. இந்தச் சனியன என்னான்னு பாரு."

துணிக்கடையில் வேலை செய்தாலும், போன் கோளாறென்றால் அக்கம்பக்கம் என்னிடம்தான் வரும். வெளிச்சத்தைக் குறைத்தேன். சும்மா ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம் நிறுத்தினேன். எல்லாவற்றையும்விட அதிகம் தின்றது உங்கள் மகன் கட்டாரிலிருந்து கூப்பிடுகிற ஆப். நான் சொல்லவில்லை, போனே காட்டியது.

அதை வெள்ளிக்கிழமைகளில் மட்டும் முடக்கினேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் மரக்கறிதானே.

"போனுக்கும் விரதமா?" யசோ சிரித்தாள். "என்னா வேண்டுதல்?"

"நீண்ட ஆயுசுதான்."

"அவரு கோல் வருமில்ல?"

"வராம எங்க போகும்?"

அந்த ஒரு பதில் மட்டும் கொஞ்சம் பிசகு.

கட்டாரில் வெள்ளிக்கிழமைதான் லீவு என்று எனக்குத் தெரியும். மற்ற நாட்களில் அவர் லொறியிலேயே கிடப்பார். வாரம் முழுக்கச் சேர்த்த பேச்சோடு கூப்பிடுவார், இங்கே சத்தமே இருக்காது. இவள் திறந்து பார்த்துத் திருப்பிக் கூப்பிடும்போது அவர் கோபத்தில் எடுக்க மாட்டார். "போன் அடிக்கவே இல்லீங்க" என்று மறுநாள் அழுவாள். உண்மையைத்தான் சொன்னாள். அந்த உண்மையை நம்புகிற ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

பிறகு, எங்கே நிற்கிறாய் என்று போனிலேயே காட்டச் சொன்னாராம். கோயில் முடிந்து வாவிக்கரையில் கடலை வாங்கும்போது யசோ அதைப் போட்டாள். இடம் காட்டுவது பேட்டரியை உறிஞ்சும், அத்தை. அவள் கடலைக்காரனிடம் பேரம் பேசிய நேரத்தில் போனை வாங்கி அதை நிறுத்திவிட்டேன். கடைசியாகக் காட்டிய இடம் அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டோம். உங்கள் மகன் கண்ணுக்கு மட்டும் அவள் இருட்டிய பிறகும் வாவிக்கரையிலேயே நின்றாள். அங்கே குடைக்குள் சோடி சோடியாக யார் உட்காருவார்கள் என்று உங்களுக்கும் தெரியும். அதோடு முடிந்தது.

அவர்மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை. தையில் அவளைக் கூட்டிப்போவதாக நீங்கள் சொல்லிவிட்டுப் போன அன்று, இந்த அறையில் ஒரே ஒரு கட்டில் கிடந்தால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று பார்த்தேன். நிறைய மிஞ்சியது.

யசோ இப்போது அவ்வளவாகச் சாப்பிடுவதில்லை, சரியாகிவிடும். அவள் போன் ஒரு தடவை ஏற்றினால் இரண்டு நாள் நிற்கிறது. எல்லாம் அந்தப் பேட்டரிக்காகச் செய்ததுதான்.

என் போனா? அது மத்தியானமே செத்துவிடும். அதில் நான் எதையும் அணைப்பதில்லை, அத்தை. யசோ கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டுமே.