பதில் வராத நத்தம் ரோடு

ஒரு போனின் டிஸ்ப்ளேயை மாற்ற அரை மணி நேரம் போதும். அதன் பிறகு பசை காய்வதற்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்பட்டாலும் பசை காயாமல் நான் போனைக் கொடுக்க மாட்டேன். திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் கடையில் இத்தனை வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அவசரப்பட்டுக் கெடுத்த வேலை என்று ஒன்று கிடையாது.

நம் பஸ் விளையாட்டுக் குழுவில் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். "ஹஸ்ஸான் செய்த மேப்பை எடுத்துச் சரிசெய்து வெளியிட்டாயே முனீர், அவனிடம் அனுமதி கேட்டாயா?" கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதை முறையாகச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சடையாண்டி அண்ணன் ரொம்பக் கோபத்தில் இருப்பதாகத் தெரிகிறது. அவர் கடைசிவரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். போனில் பஸ் ஓட்டுகிற விளையாட்டில் கம்பெனிக்காரன் கொடுப்பது ஏதோ ஒரு வெளிநாட்டு ரோடு. அதில் நம் ஊர் ரோட்டையும் நம் ஊர் பஸ்ஸையும் நாமே செய்து சேர்க்கிறோம். அதற்குத்தான் மாட் என்று பெயர். ஹஸ்ஸான் செய்தது திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற ரோட்டின் மேப். தோல் மண்டிக்கு லோடு ஆட்டோ ஓட்டியவன் அவன். அந்த ரோட்டின் மேடு பள்ளமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். எந்த வளைவில் புளியமரக் கிளை பஸ் கூரையை உரசும் என்பதைக்கூட விடாமல் செய்திருந்தான். நத்தத்துக்குள் நுழையும்போது மாந்தோப்பு வேலியில் ஒரு பழைய சேலை காயும். அதையும் காயவைத்திருந்தான்.

அந்த மேப்பில் பஸ் அடிக்கிற ஹாரன் என்னுடையது. சட்டைப் பையில் சின்ன மைக்கை வைத்துக்கொண்டு டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து போய்ப் போய்ப் பதிவு செய்தேன். டிரைவரிடமோ முதலாளியிடமோ கேட்கவில்லை. அவர்களும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று ஒருவர் சொல்லாதவரை அது சரிதான் என்று நினைக்கிறவன் நான்.

மேப் வெளிவந்தபோது முகப்பில் 'ஆக்கம்: ஹஸ்ஸான்' என்று இருந்தது. அடியில் பொடி எழுத்தில் 'நண்பர்களுக்கு நன்றி'.

"நண்பர்கள்னா யாருடா?" என்று கேட்டேன்.

"நீதான்டா. எனக்கு வேற யாரு இருக்கா?"

"அப்பப் பேரப் போட வேண்டியதுதான?"

"விடு மாப்ள. காரணமாத்தான் போடல. ஒரு பிரியாணி வாங்கித் தாரேன், வா."

காரணம் என்னவென்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிரியாணி சாப்பிட்டேன். துரோகம் என்பது பெரிய சொல், அதை நான் சாதாரணமாகப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அன்றைக்கு வேறு சொல் எதுவும் எனக்கு அகப்படவில்லை. இன்றைக்கும் அகப்படவில்லை.

பிறகு விளையாட்டின் புதுப் பதிப்பு வந்தது. ஹஸ்ஸானின் மேப் அதற்கு ஒத்துவரவில்லை. கோபால்பட்டி தாண்டியதும் பஸ் அப்படியே தரைக்குள் இறங்கிவிடும். சரிசெய்து தரச் சொல்லி எல்லோரும் அவனை நச்சரித்தீர்கள். "பாக்குறேன், பாக்குறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அது இரண்டு நாள் வேலை. ஆனால் அடுத்தவர் செய்த மாட் ஒன்றை எடுத்துக்கொள்ள நம் குழுவில் விதி இருக்கிறது. முதலில் செய்தவருக்குச் செய்தி அனுப்பி அனுமதி கேட்க வேண்டும். மூன்று மாதம் பதிலே வராவிட்டால் அது கைவிடப்பட்ட மாட். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், செய்தவர் பெயரைப் போட வேண்டும். அவர் திரும்பி வந்து வேண்டாம் என்று சொன்னால் எடுத்துவிட வேண்டும். நல்ல விதி. நான் அதில் ஒரு எழுத்தைக்கூட மீறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹஸ்ஸான் சாணார்பட்டி கிட்டே பைக்கிலிருந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கையும் வாயும் நன்றாக இருந்தன. தினமும் பயிற்சி செய்தால் கம்பு ஊன்றி நடந்துவிடலாம், பையன் மனதை விட்டுவிடக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். அவனுடைய அம்மா தாஹிரா அவன் போனைத் துணியில் சுற்றி என் கடைக்கு எடுத்துவந்தார். கண்ணாடி நொறுங்கியிருந்தது.

"முனீரு, இத மொதல்ல சரி பண்ணிக் குடுப்பா. விட்டத்தயே பாத்துக்கிட்டுக் கெடக்கான். அந்த வெளாட்டுக் கூட்டாளிககிட்டப் பேசுனான்னா ஒரு தெம்பு வரும்."

"வச்சுட்டுப் போங்கம்மா."

அன்று சாயங்காலமே சரிசெய்துவிட்டேன். நான் முதலில் சொன்ன அதே அரை மணி நேரம்தான். ஓடுகிறதா என்று பார்க்க ஆன் செய்தேன். கடை வைஃபை கிடைத்ததும் உங்கள் செய்திகள் வந்து விழ ஆரம்பித்தன. நிற்கவே இல்லை. சடையாண்டி அண்ணன் குரலில் பேசி அனுப்பியிருந்ததைப் போட்டுக் கேட்டேன். ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே.

"தம்பி ஹஸ்ஸானு, நத்தம் வண்டி கண்டக்டர் சடையாண்டி பேசுறேன்ப்பா. நாள்பூரா அந்த ரோட்டுல போயிட்டு வாரது பத்தாதுன்னு வீட்டுக்கு வந்தும் ஒன் ரோட்டுலதான் ஓட்டுறேன். எம்பொண்டாட்டி வையிறா. ரோடு கெடக்கட்டும்ப்பா, நீ எப்புடி இருக்க? ஒரு வார்த்தை சொல்லு."

ஸ்பீக்கர் நன்றாகவே இருந்தது.

அப்போதுதான் என் போனை எடுத்து அவனுக்கு அனுமதிச் செய்தி அனுப்பினேன். 'ஹஸ்ஸான், நத்தம் ரோடு மேப்பை நான் எடுத்துச் சரிசெய்ய அனுமதி வேண்டும். முனீர்.' மேசைமேல் கிடந்த அவன் போன் ஒருமுறை அதிர்ந்தது. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்பதை உறுதி செய்துகொண்டேன். பிறகு அதை அணைத்து இழுப்பறையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா முடிந்து பேகம்பூரில் அவன் வீட்டுக்குப் போவேன். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அவனைத் திருப்பிப் படுக்கவைப்பேன், முகம் மழித்துவிடுவேன். அவன் அம்மாவைக் கேட்டால் சொல்வார்.

"போன் என்னடா ஆச்சு?" என்பான்.

"பழைய மாடல்டா. டிஸ்ப்ளே மதுரைலருந்து வரணும்."

"மதுரைலருந்து நடந்தாடா வருது? சரி, ஒன் போனக் குடு. செத்த நேரம் குரூப்பப் பாத்துட்டுத் தாரேன்."

"குரூப்புல யாருடா இருக்கா? அம்புட்டுப் பேரும் வேற கேமுக்குப் போயிட்டாய்ங்க."

"என்னய யாரும் கேக்கலையா?"

"இல்லடா."

இதைப் பொய் என்று நீங்கள் சொல்லக்கூடும். நீங்கள் கேட்டது மேப்பைத்தான், அவனை அல்ல என்பது என் அபிப்பிராயம். ரொனால்டு அண்ணன் அட்மின் என்ற முறையில் என்னிடம் போனில் கேட்டது நினைவிருக்கும்.

"முனீர், நீயும் திண்டுக்கல்தான? ஒரு எட்டுப் போய் ஹஸ்ஸானப் பாரேன்."

"போய்ப் பாத்தேன்ணே. வீடு பூட்டிக் கெடக்கு. ஊர விட்டே போயிட்டாங்க போல."

அவன் யாரிடமும் சொல்லாமல் ஊரை விட்டுப் போகிற ஆள்தான் என்று நீங்களும் உடனே நம்பினீர்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

நாளாக ஆக ஹஸ்ஸான் பயிற்சி செய்வதை விட்டுவிட்டான். உட்காரவைத்தால் சரிந்து படுத்துக்கொள்வான். முதுகில் புண் வந்தது. "வெஞ்சனம் வேணாங்கிறான், சோறே வேணாங்கிறான், நீயாச்சும் சொல்லுப்பா" என்று அவன் அம்மா அழுதார். நான் பிசைந்து ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கினான்.

"இம்புட்டு நாளா ஒருத்தன்கூடத் தேடலையாடா என்னய?"

"இல்லடா."

"நான் என்னடா பண்ணேன் அவய்ங்களுக்கு?"

இன்னொரு வாய் உருட்டி நீட்டினேன். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாவது வாயை வாங்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் முடிந்தது. நத்தம் ரோடு கைவிடப்பட்ட மேப் என்று ரொனால்டு அண்ணன் அறிவித்தார். அப்போது ஹஸ்ஸான் உயிரோடுதான் இருந்தான். அன்றைக்காவது போனைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். கடையைப் பூட்டும்போது அதை இழுப்பறையிலிருந்து எடுக்கவும் செய்தேன். ஆனால் விதியின் கடைசி வரி இருக்கிறதே, செய்தவர் திரும்பி வந்து வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும் என்பது. அவன் திரும்பி வந்துவிடுவான். போனை மறுபடி உள்ளே வைத்தேன்.

புண் உள்ளே புரையோடிக் காய்ச்சல் கண்டு, நான் மேப்பை வெளியிடுவதற்கு முந்தின வாரம் அவன் மௌத்தானான். அவனைத் தூக்கிப்போன சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். புது மேப்பில் 'மூல ஆக்கம்: ஹஸ்ஸான்' என்று என் பெயருக்கு மேலே, என் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போட்டேன். அவன் எனக்குச் செய்யாததை நான் அவனுக்குச் செய்தேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போனபோது போனைத் துடைத்து எடுத்துப் போனேன். இனியும் கடையில் வைத்திருப்பது முறையில்லை.

"இத வச்சு நான் என்னப்பா செய்யப் போறேன், நீயே வச்சுக்க" என்றார் அவன் அம்மா. பிறகு சொன்னார்: "அந்த ரோட்டு வேலையக்கூட ஒனக்குத்தான் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே கெடந்தான். 'முனீரு ஒரு வார்த்தை கேட்டான்னா குடுத்துருவேன்மா. பேரு போடலன்னு கோவத்துல கேக்க மாட்டேங்கிறான்'ம்பான்."

"அப்பறம் ஏம்மா பேரப் போடல?"

"அந்த ரோட்ட வெளிய விடுறதுக்கு மொதல்ல ஒரு வீடியோப் போட்டான்ல, அப்பவே பஸ்ஸு மொதலாளி ஆளுக வந்து சத்தம் போட்டாய்ங்கப்பா. எவன்டா எங்க ஹாரனக் கேக்காம எடுத்தவன்னு. ஒம் பேரு தெரிஞ்சா கடைக்கு வந்து வம்பு பண்ணுவாய்ங்கன்னு, எல்லாம் நாந்தான்னு சொல்லிட்டான். ஒங்கிட்டச் சொன்னா நீ சங்கடப்படுவியாம்."

நோன்புக் கஞ்சி மாதிரி எதையோ குடிக்கக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் அவர் வீடு தேடிப் போன சடையாண்டி அண்ணனிடமும் சொல்லியிருக்கிறார் என்று தெரிகிறது. 'அவன்தான் உனக்கே கொடுக்க இருந்தானே பாவி' என்று அண்ணன் குழுவில் எழுதியிருக்கிறார். அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை தோறும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொடுக்கிறேன் என்று ஒரு நாளும் அவன் என்னிடம் சொல்லவில்லை. ஒருவர் வாயைத் திறந்து சொல்லாததை அனுமதி என்று நான் எப்படி எடுத்துக்கொள்வேன்?