கிளியோபாட்ரா ஸ்டாப்பில் மதியச் சாப்பாடு

“‘காலையிலேர்ந்து செத்தவங்க வீட்டையே காட்டிக்கிட்டிருக்கீங்களே மேடம், உயிரோட இருக்கிறவங்க வீடு ஒண்ணுகூட இந்த ஊர்ல கிடையாதா?’ கேட்டீங்கல்ல உஸ்தா? உங்க காதால கேட்டீங்கல்ல? அந்த ஃபின்லாந்துக்காரி, வெள்ளைத் தொப்பி போட்டவ, இதே வார்த்த. நான் ஒண்ணு கூட்டல, ஒண்ணு குறைக்கல. வீட்டுக்குப் போனதும் எங்க டாக்டர் ‘யாரக் கேட்டு இந்தப் பட்டாளத்தக் கூட்டிட்டு வந்தே’ன்னு குதிப்பாரு. அப்ப நீங்கதான் சாட்சி. இப்பவே சொல்லிட்டேன்.”

டிரைவர் உஸ்தா பயூமி ஹாரனை அழுத்தினார். அது அவளுக்குச் சொன்ன ஆமாவா, முன்னால் போகிற தக்காளி வண்டிக்கா என்று தெரியவில்லை. தஹானிக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. டிரைவர்களில் பேசாத ரகம் ஒருத்தர் வாய்த்தாரே, அந்த மட்டும் லாபம்.

டிரைவருக்குப் பின்னால் இருந்த ஒற்றை இருக்கையில், அணைத்த மைக்கை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள். முதுகுக்குப் பின்னால் பஸ் நிறையப் பேராசிரியர்கள். நிலத்தடி நீர் பற்றிய உலக மாநாட்டுக்காக அலெக்ஸாந்திரியாவுக்கு வந்து, இன்று ஒரு நாள் ஊர் சுற்றக் கிளம்பியவர்கள். நிகழ்ச்சி நிரல்படி அவர்கள் இப்போது அபூகிர் கடற்கரையில் மீன் சாப்பிடப் போய்க்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் தஹானியின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், சாப்பிட. வீட்டில் சாப்பாடு இல்லை.

“சாப்பாடு இல்லைன்னா, சும்மா பேச்சுக்கு இல்ல உஸ்தா. நிஜமாவே இல்ல. ஃப்ரிட்ஜத் திறந்தா நேத்து வச்ச மொலோகியா ஒரு கிண்ணம் இருக்கும், ரெண்டு பேருக்கே பத்தாத கீரை. ஃப்ரீசர்ல ஒரு வாத்து கிடக்கு, அத எடுத்து இவங்க மண்டையில போட்டா மண்ட உடையும், வாத்து உடையாது. வியாழக்கிழம வேற, வீடு கழுவுற நாள். வியாழக்கிழம என் வீடு எப்படி இருக்கும் தெரியுமா? நாற்காலியெல்லாம் கவுந்து மேஜமேல, வாளி கூடத்து நடுவுல. நல்ல நாள்லயே நான் யாரையும் செருப்போட உள்ள விடமாட்டேன். இவங்க காலப் பாத்தீங்கல்ல? கல்லறைக்குள்ள இறங்கி ஏறின சேறு.”

அந்தக் கல்லறையை நினைத்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

“ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி எவனோ உசிரக் கொடுத்துச் செதுக்கி வச்சிருக்கான். பாம்பு, கழுகு, மம்மி, பாக்கப் பாக்க உடம்பு சிலிர்க்கும். நானும் ராத்திரியெல்லாம் படிச்சுட்டுப் போயி, தொண்டத் தண்ணி வத்த விளக்குறேன். திரும்பிப் பாத்தா ஒருத்தன்கூட சிலையப் பாக்கல! சுவத்தத் தடவுறாங்க. ‘ஈரம் எங்கேர்ந்து வருது மேடம்?’ ஒரு மனுஷன்... அந்த ஜெர்மன்காரன்தான், தாடி... சுவத்துல விரல வச்சு, அத நாக்குல வச்சுப் பாக்குறான் உஸ்தா! உப்பு எவ்வளவுன்னு! யாரோட கல்லறை, யாரோட சுவரு! அப்புறம் தூண் பக்கம் போனோம். ஊரே அண்ணாந்து பாக்குற தூண். இதுங்க அத்தனையும் குனிஞ்சு அடியப் பாக்குதுங்க. அஸ்திவாரம் ஊறுதாம். பள்ளிக்கூடத்துப் பசங்க வந்திருந்தாங்கல்ல, அவங்க இவங்களப் பாத்து, என்னமோ காசு விழுந்திருக்குன்னு தாங்களும் குனிஞ்சு தேட ஆரம்பிச்சிட்டாங்க.”

உண்மையில் இதெல்லாம் அவள் வேலையே இல்லை. முறைப்படி பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவன் வருவதாக இருந்தது. அவன் நேற்றுச் சாயங்காலம் காய்ச்சல் என்றான். மாநாட்டை நடத்துகிற டாக்டர் ஷவ்கி, அதாவது அவளைக் கட்டிய புண்ணியவான், காபியைக் குடித்துக்கொண்டே, “நீதான் கன்னியாஸ்திரீகள்கிட்ட படிச்சவளாச்சே, ஆங்கிலம் பிரெஞ்சு எல்லாம் வரும், மைக்கைப் பிடி” என்று சொல்லிவிட்டார். தமக்கு ரத்த அழுத்தம், வெயிலில் அலையக்கூடாது. மாநாட்டு மேடையில் மட்டும் நாள் முழுக்க நிற்கலாம்.

“கன்னியாஸ்திரீங்க எனக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க? முட்டி தெரியாம உக்காரணும், பல்லு தெரியாம சிரிக்கணும், பெரியவங்க எதிர்ல வாய்ல மெல்லக்கூடாது. பஸ்ஸு நிறைய தடிமாட்டுப் பேராசிரியர்களுக்குக் கழிப்பறை எங்கேன்னு காட்டுறது அந்தப் பாடத்துல வரவே இல்ல. டாக்டர் இப்ப என்ன பண்ணிக்கிட்டிருப்பாரு தெரியுமா? கோடு போட்ட பைஜாமா. ஜன்னல் கதவ மூடிட்டு, ஃபோன மேஜ டிராயர்ல போட்டுட்டுத் தூக்கம். எத்தன தடவ அடிச்சுட்டேன். டிராயர் எடுத்துப் பேசுமா?”

சிக்னலில் பஸ் நின்றது. ஃபின்லாந்துக்காரி எட்டிப் பார்த்து, தஹானியின் தோளைத் தொட்டு, ரொம்பச் சந்தோஷமாக ஏதோ சொன்னாள். தஹானி பல் தெரியாமல் சிரித்து, தலையை ஆட்டி, அவள் உட்காரும்வரை காத்திருந்தாள்.

“என்ன சொல்றா தெரியுமா? ‘நீங்க டிரைவர்கிட்ட பேசுறதக் கேக்கவே சங்கீதம் மாதிரி இருக்கு’ங்கிறா. கேட்டுக்கோ தாயே, நல்லா கேட்டுக்கோ. அரபி புரியாதது உன் அதிர்ஷ்டம்.”

பயூமியின் பிடரி லேசாகக் குலுங்கியது. சிரிப்பாக இருக்கலாம். தஹானி அதைப் பார்த்தாள்.

“சிரிங்க. உங்களுக்கென்ன. ஆனா நியாயத்த நீங்களே சொல்லுங்க. காலையில பஸ்ஸுக்குள்ள உக்காந்து ஃபூல் பருப்பு வச்ச ரொட்டி தின்னுக்கிட்டிருந்தீங்க. என்னப் பாத்ததும், ‘வாங்க மேடம், சாப்பிடலாம்’னீங்க. நான் என்ன சொன்னேன்? ‘உடம்புல ஒட்டட்டும் உஸ்தா’ன்னுட்டு என் சீட்டுல உக்காந்தேன். அவ்வளவுதானே? உங்களுக்கும் கௌரவம், எனக்கும் கௌரவம், ரொட்டியும் உங்க கையிலேயே இருக்கு. நான் பாதியப் பிச்சு வாயில போட்டுக்கிட்டிருந்தா உங்க மூஞ்சி எப்படிப் போயிருக்கும்? நம்ம ஊர்ல பச்சக் கொழந்தைக்குத் தெரியும் இது. லாண்டரிக்காரன் ‘காசு வேண்டாம் மேடம், உங்களுக்கில்லாததா’ம்பான். காசு கொடுக்காம போயிருவோமா? டாக்ஸிக்காரன் சொல்லுவான், கோழிக்கடக்காரன் சொல்லுவான். சொல்றது சொல்றவன் கடம, மறுக்கிறது கேக்கிறவன் கடம. நானும் ‘எங்க வீட்டுக்கு வாங்க’ன்னு ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். இதுங்க எல்லாம் உலகம் சுத்தி ஆராய்ச்சி பண்றதுங்க. பூமிக்கடியில தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியும். மனுஷன் வாயிலேர்ந்து வர்ற வார்த்த எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியாது!”

டிராம் ஒன்று குறுக்கே ஊர்ந்து போனது. அது போய் முடிகிற வரைகூட அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“அதோட விட்டாங்களா? ‘என் வீடு கிளியோபாட்ராவுல’ன்னு சொன்னதுதான் தாமதம், பஸ்ஸே கைதட்டுது. கிளியோபாட்ரா ராணி வீடான்னு ஒருத்தி கேக்குறா. ஸ்டாப்பு பேரும்மா அது! கீழ லாண்டரி, எதிர்ல கோழிக்கட, அஞ்சாவது மாடி, லிஃப்ட் ஓடி வருஷமாச்சு. இதச் சொன்னா இன்னும் கைதட்டுறாங்க. அப்புறம் அந்தக் கனடாக்காரன் எழுந்து நின்னு, ‘மீன் ஓட்டலா, மேடம் வீடா, கை தூக்குங்க’ன்னு ஓட்டெடுப்பு நடத்துறான். என் சமையக்கட்டுக்கு ஓட்டெடுப்பு! ஓட்டலுக்கு ஒரு கைகூட ஏறல. நமக்குச் சிரமம் வேண்டாம்னு அவனே ஓட்டலுக்கு ஃபோன் போட்டு, சாப்பாட்ட ரத்தும் பண்ணிட்டான். பண்ணிட்டு என்னப் பாத்து நெஞ்சுல கை வச்சுக் குனியுறான். எங்க கத்துக்கிட்டானோ.”

“இத்தனைக்கும்...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு, நிறுத்துவது அவள் பழக்கத்தில் இல்லாததால், தொடர்ந்தாள். “இத்தனைக்கும் படிச்சுட்டுத்தான் வந்திருக்காங்க. பயணப் புத்தகத்துல போட்டிருக்காம். எகிப்துல யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டா உடனே சரின்னுடாதீங்க, மூணு தடவ மறுங்க, அதுதான் மரியாதன்னு. ஃபின்லாந்துக்காரியே எனக்குக் காட்டினா. அடிக்கோடெல்லாம் போட்டு வச்சிருக்கா. மறுத்தா. மூணு தடவயும் ஒழுங்கா, நெஞ்சுல கை வச்சு, ‘உங்களுக்கு எதுக்குச் சிரமம்’னு...”

பயூமி கண்ணாடியில் அவளைப் பார்த்தார். வண்டி கிளம்பியதிலிருந்து அதுதான் அவர் கொடுத்த முதல் பதில்.

“என்ன பாக்குறீங்க? நீங்களும்தானே இருந்தீங்க. ஆமா, மறுத்தா. மூணாவது தடவையும் மறுத்துட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிட்டா. அதோட முடிஞ்சுது, மீன் சாப்பிடப் போயிருக்கலாம். ஆனா எனக்குச் சுருக்குன்னுச்சு உஸ்தா. செத்தவங்க வீட்டத்தான் காட்டுவீங்களான்னு கேட்டவ, இப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டா என்ன நெனப்பா? இவ வாய்வார்த்தைக்குக் கூப்பிடுறா, வீட்டுல அடுப்பே எரியாதுன்னுதானே? ஊரு மானம், என் மானம், எங்கம்மா மானம் எல்லாம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. மைக் கையில இருந்துச்சு. அது ஒரு சனியன், கையில இருந்தா வாய் நீளும்... வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியம், இந்த பஸ்ல இருக்கிற ஒருத்தர்கூட என் வீட்டுச் சோறு தின்னாம இன்னைக்கு ஊர் திரும்பக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அரபியில ஒரு தடவ, இங்கிலீஷ்ல ஒரு தடவ. கன்னியாஸ்திரீங்க கிட்ட படிச்சதால பிரெஞ்சுலயும் ஒரு தடவ.”

இதைச் சொன்ன பிறகு அவள் குரலில் காரம் கொஞ்சம் இறங்கியது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சத்தியத்த முறிச்சா பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடணும். யோசிச்சுப் பாத்தேன். பின்னாடி இருக்கிறதுங்களப் பாத்தா பாதிப் பேரு ஏழைங்க மாதிரிதான் இருக்காங்க. சட்டை கசங்கி, பை கிழிஞ்சு, அந்த ஜெர்மன்காரன் செருப்ப நூல் போட்டுக் கட்டியிருக்கான். ஆனா அவங்களுக்குச் சோறு போடாம இருக்கறதுக்கு அபராதமா அவங்களுக்கே சோறு போடுறதுன்னா... எங்கயோ இடிக்குது. ஷேக்கிட்டதான் கேக்கணும்.”

பஸ் லாண்டரியைத் தாண்டி, கோழிக்கடை எதிரில் வந்து நின்றது. பின்னால் பைகள் சரசரத்தன. யாரோ புகைப்படம் எடுத்தார்கள், கோழிக் கூண்டை. தஹானி முன்னால் குனிந்து, டிரைவரின் சீட்டு முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“உஸ்தா. பயூமி அண்ணே. ஒரே ஒரு உதவி. கதவத் திறக்காதீங்க. எஞ்சின் சூடாயிருச்சு, பெல்ட் அறுந்துருச்சு, என்னவோ சொல்லுங்க. இவங்களுக்கு என்ன தெரியப்போவுது. இல்லன்னா கோட்டப் பக்கம் திருப்புங்க. இன்னும் கோட்டையப் பாக்கலல்ல? கடலு இருக்கு, தண்ணின்னா விடமாட்டாங்க, அலைய நக்கிக்கிட்டு நிப்பாங்க. நான் இங்கயே குதிச்சு இறங்கி, டாக்டர எழுப்பி, கபாப் கடைக்குச் சொல்லிவிட்டு, நாற்காலிய நிமித்திடுறேன். ஏன் பேசமாட்டேங்கிறீங்க? உங்களத்தான்.”

உஸ்தா பயூமி கண்ணாடியைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, இருக்கிற முடியை ஒரு பக்கமாகப் படிய வாரினார். மீசையையும் வாரினார். சீட்டுக்குப் பின்னால் மாட்டியிருந்த மேல்கோட்டை எடுத்து, உதறி, போட்டுக்கொண்டு, பொத்தானை அழுத்தினார். கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது.

அப்போதுதான் தஹானிக்கு உறைத்தது. இந்த பஸ்ஸில் இருக்கிற ஒருத்தர்கூட என்றுதான் சத்தியம் செய்திருந்தாள். மனிதர் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் வந்தது அடக்கத்தினால் இல்லை. பசியோடு இருக்கிறவன், வருகிற விருந்தை வாயைத் திறந்து கெடுத்துக்கொள்வானா?

முதலில் இறங்கியவரே பயூமிதான். ஃபின்லாந்துக்காரிக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டு, இந்த வழி என்று மாடிப்படியைக் காட்டி, தானும் அவள் பின்னால் ஏறினார். அவர் பின்னால் கனடாக்காரன், ஜெர்மன்காரன், தொப்பிகள், பைகள், கேமராக்கள். ஒருத்தர் ஏறினால் இன்னொருத்தர் இறங்க முடியாத அந்தக் குறுகிய படியில், பஸ்ஸே எழுந்து நடப்பது போல ஏறிக்கொண்டிருந்தார்கள். தஹானி கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்து, வரிசையின் வாலில், ஒரு பெரிய முதுகுப் பைக்கு அடியில் மாட்டிக்கொண்டாள். மேலே யாரோ பாட்டு ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள்.

“உஸ்தா! பெல்ல அடிச்சிராதீங்க உஸ்தா, அவரு பைஜாமாவுல இருக்காரு! நான் முன்னாடி போயிடுறேன். எனக்குக் கொஞ்சம் வழி விடச் சொல்லுங்களேன்... என் வீடு உஸ்தா அது, என்னை முதல்ல போகச் சொல்லுங்களேன்!”