முதலில் பேக்கப் எடு, தம்பி

பிரபாவதி அம்மா, உங்கள் வக்கீல் ஆபீஸ் வெப்சைட்டைப் பார்த்தேன். எல்லாம் லட்சணமாக இருக்கிறது; உங்கள் போட்டோ மட்டும் வரவில்லை. போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலிப் பெட்டி, அதன் மூலையில் கிழிந்த காகிதம் மாதிரி ஒரு சின்னப் படம். கவலைப்படாதீர்கள். வெப்சைட் கட்டுகிற பத்துப் பேரில் பதினோரு பேருக்கு இந்த வியாதி வரும். கட்டியவனின் கம்ப்யூட்டரில் போட்டோ தெரியும், ஊருக்குக் காட்டும்போது தெரியாது. படங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கச் சொல்லி ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுக்க மறந்திருப்பான். மறக்காதவன் இன்னும் பிறக்கவில்லை. முலுண்டில் உங்களைத் தேடி வருகிறவர்கள் முகம் தெரியாமல் எப்படி நம்புவார்கள்? சரிசெய்யச் சொல்லுங்கள்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். தங்கமயிலுக்கு ரத்தம் கிடைக்காமல் போன அந்தச் சனிக்கிழமை நம் சங்கத்தின் ரத்ததானச் சைட் ஏன் திறக்கவில்லை, அதற்குச் சுதன் பொறுப்பா என்று, விஷயம் தெரிந்தவன் என்ற முறையில் நான் எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். விஷயம் தெரிந்தவன் என்று குறிப்பிட்டதற்கு நன்றி. அந்த மரியாதை கொஞ்சம் லேட்டானாலும் வந்து சேர்ந்துவிட்டது.

நான் யார் என்று ஒரு வார்த்தை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் செக்ஷன். நான் எழுப்பிய ஆட்சேபணைகளை அடுக்கினால் செம்பூரிலிருந்து தாதர் வரை நடைபாதை போடலாம். செத்தவரே நேரில் வந்து நின்றாலும் சர்டிபிகேட் எங்கே என்று கேட்டிருப்பேன். ரிடயர் ஆன மறுநாள் யூட்யூபைத் திறந்தேன். ஒரு பையன் வெப்சைட் கட்டுவது எப்படி என்று மாசக்கணக்கில் பேசியிருந்தான். பெற்ற தாய்கூட அவன் பேச்சை அவ்வளவு நேரம் கேட்டிருக்க மாட்டாள். நான் கேட்டேன். அந்த வருஷம் முடிவதற்குள் சங்கத்துக்கு ரத்ததானச் சைட் தயார். ரத்தக் குரூப்பைத் தேர்ந்தெடுத்து அமுக்கினால், கொடுக்கத் தயாராக இருக்கிறவர்களின் பெயரும் போன் நம்பரும் வரும். தாராவியிலிருந்து நெருள் வரை நம் ஆட்கள் அதில் பதிந்திருக்கிறார்கள். அந்தச் சைட்டில் நான் சந்திக்காத எர்ரர் கிடையாது. படிவத்தை அனுப்பினால் திருப்பி முகத்தில் எறியும். தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக மாறும். ஒரு கமா விட்டுப்போனதற்கு இரண்டு நாள் சோறு இறங்காது. ஒவ்வொன்றையும் பிடித்து, காதைத் திருகி, உட்கார வைத்தேன்.

அதில் பம்பாய் குரூப்புக்கென்று தனிப் பிரிவு வைத்தது என் யோசனை. ஊர்ப் பெயரிலேயே ஒரு ரத்தம் அம்மா, இந்த ஊரில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். சாதாரண டெஸ்டில் ஓ குரூப் மாதிரியே வேஷம் போடும். ஏற்றப் போகும்போதுதான் வேஷம் கலையும். ஓ குரூப்கூட அவர்களுக்குச் சேராது, பம்பாய்க்குப் பம்பாய்தான். கூட்ட நேரத்து லோக்கல் ரயிலை நிறுத்தி ஆள் ஆளாகக் கேட்டாலும் ஒருத்தர் தேறுவது கஷ்டம். நம் பட்டியலில் நாலு பேர் இருந்தார்கள். அதை நான் பெருமையாகவே சொல்வேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த சைட்டைத்தான் ஆண்டுக் கூட்டத்தில் எடுத்துப் போட்டார்கள். செயலாளர் மகேஷ்குமாரின் மகன் சுதன் ஐரோலியில் ஏதோ கம்பெனியில் போனுக்கு ஆப் செய்கிற வேலையில் இருக்கிறான். மைக்கைப் பிடித்தான்.

"அங்கிளோட சைட் சூப்பர்தான். ஆனா அத மியூசியத்துல வெக்கணும். நான் ப்ரொஃபஷனலா பண்ணித் தரேன்."

கூட்டம் சிரித்தது. தாராவியில் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிற இசக்கிராஜும், தங்கமயிலின் புருஷன்தான், சிரித்தான். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தான் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மகேஷ்குமார் என் தோளில் கை போட்டார். "நயினார் அண்ணாச்சி, பாஸ்வேர்ட பயட்ட குடுத்துருங்க. எம்புட்டு நாளுதான் நீங்களே மல்லுக்கட்டுவிய? ரெஸ்ட் எடுங்க."

கொடுத்தேன். சாவிக்கு நகல் உண்டா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சுதன் தன் முதல் மாற்றத்தை அந்தச் சனிக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓடுகிற சைட்டைத் தொடக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எச்சில் கையால் பரிமாறக் கூடாது என்பதுபோல. தொட்டான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப் நம்பர் பதிய ஒரு புது இடம் சேர்த்தான். கோடில் சேர்த்தான், டேட்டாபேஸிடம் சொல்லவில்லை. உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், வீட்டு ப்ளானில் ஓர் அறையை வரைந்துவிட்டுக் கொத்தனாரிடம் சொல்லாமல் விட்டான். சைட் அந்த அறையைத் தேடிப் போகிறது. அங்கே சுவர் இருக்கிறது. முட்டிக்கொண்டு விழுகிறது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சர்வர் எர்ரர். இதற்கு மருந்து ஒரே கட்டளை, மைக்ரேட் என்று பெயர். தட்டி முடிப்பதற்குள் சரியாகிவிடும். ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: தப்பு சுதனுடையது. சந்தேகமே வேண்டாம்.

இது எனக்கு எப்போது தெரியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சனிக்கிழமை காலையிலேயே தெரியும். எழுந்ததும் சைட்டைப் பார்ப்பது வழக்கம். எர்ரர் வந்தது. என்னிடமிருந்த நகல் சாவியால் உள்ளே போய்ப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. ஒன்றையும் தொடாமல், வந்த வழியே கதவைச் சாத்திவிட்டு, காய்கறி வாங்க மாட்டுங்காவுக்குக் கிளம்பினேன். பொறுப்பைக் கொடுத்த பிறகு அடுத்தவர் வேலையில் கை வைப்பது அழகல்லவே.

மார்க்கெட்டில் புடலங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது இசக்கிராஜ் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, சைட்டு தொறக்கவே மாட்டேங்கு. தங்கமயிலுக்குப் பொம்பளப் புள்ள பொறந்துருக்கு. புள்ள நல்லாருக்கு. இவளுக்குத்தான் ரத்தம் நிக்கல. ஓ பாசிட்டிவ்னுலா இம்புட்டு நாளும் நெனச்சிருந்தோம். இப்பம் அது இல்லயாம், பம்பாய் குரூப்பாம். ஆஸ்பத்திரில ஸ்டாக் இல்லங்காவ. அவியளும் தேடுதாவ. நம்ம சைட்டுல ஆள் இருக்குன்னு நீங்கதான மீட்டிங்குல சொன்னிய?"

"இருக்கு டே. ஆனா சைட்டு இப்பம் என் கையில இல்ல. சுதன்ட்ட கேளு. அவன்தான் ப்ரொஃபஷனல்."

"அவன்ட்டயும் பேசிட்டேன் அண்ணாச்சி. அழுவுற மாதிரி பேசுதான். நீங்க கொஞ்சம் சொல்லுங்க. அவ கெடக்க கெடப்பப் பாக்க முடியல."

"சொல்லுதேன், சொல்லுதேன். நீ தைரியமா இரு."

சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்து, காபி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சுதன் நெருளில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தான். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பேசினான்.

"அங்கிள், ஃபுல் சைட் டவுன். சர்வர் எர்ரர்னு மட்டும் வருது. க்யா கரூன், என்ன பண்ண? ஜல்தி சொல்லுங்க, ப்ளீஸ்."

"பதறாதே. பதறி டேட்டாபேஸையே அழிச்சவங்க கத ஆயிரம் இருக்கு. முதலில் பேக்கப் எடு, தம்பி."

"பேக்கப்பா? அதுக்கு டைம் ஆகும் அங்கிள்."

"ஆகட்டும். ப்ரொஃபஷனலா செய்யணும்னு நீதானே சொன்னே?"

அம்மா, இந்தப் படியில் என்ன தப்பு? எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் எடுங்கள். முதல் விதி பேக்கப், இருப்பதையெல்லாம் ஒரு நகல் எடுத்து வைப்பது. கல்யாண வீட்டு நெட்டில் அது எறும்பு ஊர்வதுபோல இறங்கியது. நான் இட்லி சொன்னேன்.

பிறகு, என்ன எர்ரர் என்று விவரமாகக் காட்டுகிற வசதியை ஆன் செய்யட்டுமா என்று கேட்டான். செய்திருந்தால் காரணம் பெரிய எழுத்தில் அவன் முன்னால் வந்து நின்றிருக்கும். கூடாது என்றேன். "லைவ் சைட்டுலயா? உள்ளே இருக்கிற ரகசியமெல்லாம் ஊருக்கே தெரிஞ்சு போகும். எந்தக் காலேஜ்ல படிச்சே நீ?" இதுவும் புத்தகத்தில் உள்ளதுதான். பிரவுசரைக் காலி செய்யச் சொன்னேன். வேறு போனில் திறந்து பார்க்கச் சொன்னேன். சர்வரை நிறுத்திக் கிளப்பச் சொன்னேன். ஒவ்வொன்றும் உத்தமமான படி. எனக்கு அன்று அப்படி ஒரு வாக்கு சுத்தம்; ஓட்டலே என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

நடுவில், இப்போது எல்லோரும் செய்கிறபடி, அவன் ஏஐயிடமும் கேட்டிருக்கிறான். அது ஒரு டஜன் காரணங்களை வரிசையாகத் தந்திருக்கிறது. எனக்கு வாசித்துக் காட்டினான். "இதுல எது அங்கிள்? எல்லாத்தையும் ட்ரை பண்ண டைம் இல்ல. இதுதான்னு ஒண்ணு சொல்லுங்க."

ஏழாவது என்று சொன்னேன்.

சரியானது மூன்றாவது. ஏழாவதும் நல்ல காரணம்தான். வேறொரு நாள், வேறொரு சைட்டில்.

ஏழாவதைச் செய்யப் போய்ப் பாதி சாமான்கள் கழன்று, அதைத் திரும்பப் பூட்டுவதிலேயே மத்தியானம் போய்விட்டது. இசக்கிராஜ் மறுபடி கூப்பிட்டான். இந்த முறை அவன் சைட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அண்ணாச்சி, உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, நாலு பேர்ல ஒரு பேராவது சொல்லுங்க" என்றான். ஆட்களின் பெயரை வாய்வழியாகக் கொடுப்பதில்லை என்பது சைட்டின் விதி என்று சொன்னேன். விதி என்றால் எல்லோருக்கும் விதிதான்.

சாயங்காலம் சுதன் ஓய்ந்துபோனான். "அங்கிள், என்னால முடியல. எனக்குத் தெரியல. நீங்க பெரியவர், நீங்க பாருங்க" என்றான். அவ்வளவுதான் அம்மா, நான் காத்திருந்தது. உடனே கட்டளையைச் சொன்னேன். தட்டினான். சைட் பூ மாதிரி திறந்தது. பட்டியலிலிருந்த நாலு பேரில் முலுண்டில் இருப்பவரைக் கூப்பிட்டான். நல்ல மனுஷன், செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடிவந்து ரயில் ஏறினாராம். அவர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சயான் ஸ்டேஷனில் இறங்கும்போது தங்கமயில் இல்லை.

சாவு நான் எதிர்பார்த்ததல்ல. எதிர்பாராததும் அல்ல, க்ளெய்ம் செக்ஷனில் அத்தனை வருஷம் இருந்தவனுக்கு அது தெரியாமல் இராது. ஆனால் யோசித்துப் பாருங்கள். காலையிலேயே நான் சரிசெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தப்பு நடந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பையன் இன்னும் நூறு வெள்ளிக்கிழமை நூறு சைட்டைத் தொட்டிருப்பான். இப்போது அவன் வேலைக்குப் போகவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு, நான்தான் கொன்றேன் என்று பிதற்றுகிறான் என்று மகேஷ்குமார் வந்து அழுதார். இளரத்தம், தேறிவிடுவான். இனி ஆயுசுக்கும் மைக்ரேட் செய்ய மறக்க மாட்டான். சங்கம் சைட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஓடுகிறது.

கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறீர்கள்: நாலு பேரில் முலுண்ட்காரர் தவிர மற்றவர்களை ஏன் கூப்பிடவில்லை? சுதன் கூப்பிட்டான். ஒருவர் ஊருக்குப் போயிருந்தார். மான்குர்த்தில் இருப்பவருக்குக் காய்ச்சல். நாலாவது பெயரைப் பார்த்ததும் அவனுக்குக் கை ஓடவில்லையாம், கூப்பிடாமலே விட்டிருக்கிறான். உங்களிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்த அளவுக்கு நல்ல பையன்தான். எப்படியும் பட்டியலை வாங்கிப் பார்ப்பீர்கள். நான் பயந்து மறைத்தேன் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது. நானே சொல்கிறேன். நாலாவது பெயர் நயினார், செம்பூர்.

ஆமாம், எனக்கு அந்த ரத்தம்தான். பம்பாய் குரூப்புக்குத் தனிப் பிரிவு வைக்க வேண்டும் என்று வேறு யாருக்குத் தோன்றும்? அறுபத்தைந்து வயதுவரை கொடுக்கலாம். எனக்கு அறுபத்துமூன்று, சர்க்கரைகூடக் கிடையாது. போன வருஷம் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுத்தேன். ஊசிக்குப் பயப்படுகிறவன் இல்லை. அன்று நான் உட்கார்ந்திருந்த ஓட்டலிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இதற்காக என்னை எந்தச் சட்டத்தில் பிடிப்பீர்கள் என்று தேடிப் பாருங்கள். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. ரத்தம் கொடுப்பது அவரவர் விருப்பம், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சைட்டின் முதல் பக்கத்திலேயே தெளிவாக எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பக்கம் திறக்கவில்லை என்றால், அது சுதனுடைய தப்பு.