மதாம் குடுத்த பாட்டில்

— பாட்டில் தக்க உள்ள போவுது பாருயா, நெதானமா திருவு.

— திருவிக்கினு தான் இருக்கறேன் கொளஞ்சி. போர் மோட்டாரே எறக்கி ஏத்தற கையி இது. ஸ்க்ரூ எறங்கிடுச்சி, குறடால ஒரு இழுப்பு. வந்துடுச்சி பாரு, ஷோக்கா வந்துடுச்சி.

— சிந்தாத. சித்த நேரம் தொறந்தே இருக்கட்டும். காத்து படணும்னு புதுச்சேரியில அந்த வெள்ளக்கார மதாம் சொல்லும்.

— காத்தா? நம்ம கடையில மூடியத் தொறந்தா அடுத்த நிமிஷம் காலி.

— தெரியாதா எனக்கு. "நாராயணசாமி வரான், கோட்டரு எடுத்து வை"ன்னு கடைக்காரனே சொல்ற ஆளு தான நீ.

— ஒயின்ஷாப்பு ஒயின்ஷாப்புன்னு இருவது வருசம் வாசல்ல நின்னேன். ஒயின மோந்து பாத்தது இன்னிக்கி தான். எங்க வெளையுதாம் இது?

— பிரான்சுல, தெக்கால கோடியில. நம்ம கல்வராயன் மல அடிவாரம் மாரி கல்லு பூமியாம், வெயிலு ஜாஸ்தி. அதுல தான் இந்த திராட்ச நல்லா வருமாம். மொளகு வாசம் வருது, நாவப்பழ வாசம் வருதுன்னு மதாம் மோந்துக்கினே இருக்கும்.

— இன்னாடி இது, கொழம்பு கணக்கா சொல்ற. கறி வெந்துடுச்சா?

— பஞ்சா வெந்துருக்குது. காரம் கம்மி, மொளகு மட்டும் தட்டிப் போட்டேன். காரம் ஏறிச்சின்னா ஒயினு ருசி தெரியாது.

— கள்ளக்குறிச்சியில வரிசையில நின்னு வாங்குன கறி, ஷோக்கா தான் இருக்கும். பாட்டிலோட இருந்த மதாமோட பென்டிரைவும் டிவியில சொருவிட்டேன். கருப்பு வெள்ளையில ஒரு படகுக்காரன் நிக்கறான் பாரு.

— அய்யோ, மதாமோட பாத்த அதே படம் தான்யா. நாலு தடவ பாத்துட்டேன். பொண்டாட்டி அக்கரையில நிக்கறா, இவன் ரோஷத்துல படக எடுக்க மாட்டேங்கறான்.

— அவங்க பாஷ ஒனக்கு எப்பிடி புரிஞ்சிது?

— ரோஷத்துக்கு இன்னா பாஷ? ஞாயித்துக்கெழம மத்தியானம் மதாமுக்கு ஒரு கிளாசு, எனக்கு ஒரு கிளாசு. ஒரு வாய் கறி, ஒரு மொடக்கு, அப்பறம் படம். அந்த ஒரு கிளாசு படம் முடியறமுட்டும் வரும். புதுச்சேரியில சமையக்காரியா கெடந்த மூணு வருசத்துல அந்த ரெண்டு மணி நேரம் தான்யா நான் சந்தோஷமா இருந்தேன்.

— இத்தினி நாளா சொல்லவே இல்லியே.

— எந்த வாயால சொல்றது? நீ குடிக்கறன்னு தான் வூட்ட வுட்டுப் போனேன். குடிக்கறதில்லன்னு ஐயனார் கோயில்ல ஒரு வருசத்துக்கு நீ கயிறு கட்டிக்கினன்னு ஒங்கக்கா ராஜாம்பாள் போன் போட்டு சொன்னப்பறம் தான் வந்தேன். வரும்போது மதாம் குடுத்த பாட்டில தவுட்டு மூட்டையில பொதச்சி வச்சிட்டேன்.

— பொங்கலுக்கே பாத்துட்டேன் நான்.

— பாத்துட்டு தொடாம இருந்தியா?

— கஷ்டமா தான் இருந்துச்சி. ராத்திரியில அந்த மூட்ட பக்கமே தலைய திருப்ப மாட்டேன்.

— அந்த கெடு இன்னியோட முடியுது. விடியறதுக்குள்ள கோயிலுக்கு ஓடின, கறியோட வந்து நின்ன, நேரா மூட்டையில கைய வுட்ட. பாட்டில பாத்ததும் நானும் ஆசையில குதிச்சிட்டேன், இப்ப பயமா இருக்குதுயா.

— நான் இன்னாத்துக்கு இவ்ளோ அவசரப்படறேன்னு நெனைக்கற?

— வேற இன்னா, ஒரு வருசத்து தாகம். கிளாசு கூட ஒண்ணே ஒண்ணு தான் கழுவி வச்சிருக்கற, எனக்கு ஒரு வாய் குடுக்கணும்னு கூட தோணல. சரி, குடி. நாளைக்கி கட பக்கம் கால் வச்சன்னா, மறுநாளு மொத பஸ்ஸுல நான் புதுச்சேரி.

— ஒக்காரு கொளஞ்சி, அந்த கிளாசு ஒனக்கு. காலையில நான் போனது கயிற அவுக்க இல்ல, ஆயுசுக்கும் கட்டிக்க.