கூர்மூக்குத் தோட்டா

குளிர் வந்துவிட்டால் என் இடது முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்காது. அதனால் எல்க் மான் வேட்டை முகாமில் அடுப்புக்குப் பக்கத்துக் கட்டில் எப்போதும் எனக்குத்தான். யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். இந்த நவம்பரில் நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கட்டிலில் என் நண்பன் ஹால்வரின் மருமகன் டெக்கரின் பை கிடந்தது. நான் கதவோரக் கட்டிலில் படுத்துக்கொண்டேன். ஒரு கட்டிலுக்காக யாரும் யாரையும் கொல்வதில்லை, டெபுடி. வாக்குமூலத்தில் அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. டெக்கரின் துப்பாக்கி வெடிப்பதற்குச் சற்று முன் ஹால்வரையும் அவன் மகள் மேவிஸையும் நான் எதற்காகப் பாறைக்குப் பின்னால் இழுத்தேன்? நியாயமான கேள்வி. ஆனால் பதிலைத் தோட்டாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஹால்வரின் முகாமில், அடியில் இருக்கும் நெம்பைத் தள்ளித் தோட்டா ஏற்றும் லீவர் ரைஃபிள் மட்டும்தான் எடுப்போம். குதிரைச் சேணத்தோடு தட்டையாக ஒட்டிக்கொள்ளும். அதில் சுடும் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் இருக்கிறது. தோட்டாக்கள் அதற்குள் ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் முதுகைத் தொடும். அந்த முதுகின் நடுவில்தான் பொட்டு இருக்கிறது. பொட்டில் அடி விழுந்தால் தோட்டா வெடிக்கும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது அல்லவா, அப்போது குழாய்க்குள் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். மூக்கு மொட்டையாக இருந்தால் ஒன்றும் ஆகாது. கூராக இருந்தால் அது மூக்கு இல்லை, ஆணி.

இது எங்கள் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டெக்கருக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, நம்புவது வேறு.

முகாமுக்கான தோட்டா முழுவதையும் என் வண்டிக் கொட்டகையில் நான்தான் செய்வேன். வெடிமருந்தை நிறுத்துப் போடுவேன், ஒவ்வொரு மூக்கையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன். ஹால்வரும் நானும் இளவட்டமாக இருந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். பிறகு அவன் மகள் மேவிஸ் இந்த டெக்கரைக் கட்டிக்கொண்டாள். ஹால்வர் தன் சொந்த ரைஃபிளையே மருமகனுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்தான்.

போன வருடம் பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் நின்ற ஆண் மானை டெக்கர் தவறவிட்டான். ராத்திரிச் சாப்பாட்டில் என் தோட்டா ஒன்றை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான்.

"பெரிசு, இதப் பாத்தா எவனோ கதவிடுக்குல விரல நசுக்கிக்கிட்ட மாதிரி இருக்கு. இது பறக்குமா, இல்ல உருண்டு போவுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஹால்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"கோவிச்சுக்காத ஆர்லின், பய விளையாடுறான்" என்றான். அப்புறம், "அடுத்த வருஷத்துக்கப்புறம் தோட்டா வேலைய அவனே பாத்துக்கட்டுமே. நீயும் எத்தன நாளைக்குத்தான் கொட்டகையிலயே கெடப்ப?" என்றான்.

நானும் சிரித்தேன். என்னைப் புண்படுத்த வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும்.

இந்தச் செப்டம்பரில் டெக்கர் கொட்டகைக்கு வந்தான்.

"எனக்குத் தூரமாப் போற கூர்மூக்கு வச்சுக் குடு. எதிர்ச்சரிவுல நிக்கறத அடிக்கணும்."

"லீவர் ரைஃபிளுக்கு அது ஆகாது."

"ஆகாதுன்னு சொல்லத் தெரியுதுல்ல. செய்யத் தெரியாதா?"

கூர்மூக்கு நுனியில் ரப்பர் மாதிரி மெத்தென்று வைத்த குண்டுகள் கடையில் கிடைக்கின்றன, டெபுடி. தூரமும் போகும், குழாயிலும் ஆபத்தில்லை. அப்படி ஒரு பெட்டி அப்போது என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. அவன் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவன் கேட்டதைத்தான் செய்து கொடுத்தேன். நல்ல வேலை அது. வரிசையாக நிறுத்தி வைத்தபோது பார்க்க அழகாக இருந்தன.

எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கொடுக்கும்போதே சொன்னேன்: சுடும் அறையில் ஒன்று, குழாயில் ஒன்று, அதற்குமேல் போடாதே. குழாயில் ஒன்றே ஒன்று இருந்தால் அதன் மூக்குக்கு முன்னால் வேறு முதுகு கிடையாது. முகாமில் சாப்பாட்டு மேசையில் எல்லார் காதிலும் விழும்படி மறுபடியும் சொன்னேன்.

"ரெண்டா?" என்றான் டெக்கர். "மீதிக்கு என்ன, மானு சீட்டு வாங்கிக்கிட்டு வரிசைல நிக்குமா?"

"இவர்கிட்ட வேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க ஆர்லின்" என்றாள் மேவிஸ், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே. "பெயின்ட் காயலன்னு எழுதிப் போட்டா மொதல்ல தொட்டுப் பாக்கறவரு இவருதான்."

அது எனக்குப் புதிய செய்தி இல்லை. நான்கு பருவமாக அவனைப் பார்க்கிறேன். அதனால்தான் மூன்றாவது முறை, புறப்படும் காலையில், மாமனார் பக்கத்தில் நிற்கும்போது சொன்னேன்.

"ரெண்டுல அடிக்கத் தெரியாதவன் துப்பாக்கியத் தொடவே கூடாது தம்பி."

அவன் முகம் சிவந்தது. குதிரைக்கு அந்தப் பக்கம் போனான். தோட்டாவைக் குழாய்க்குள் தள்ளும்போது ஒரு சின்ன 'க்ளிக்' கேட்கும். முதலாவது கேட்டது. இரண்டாவது கேட்டது. அதோடு நின்றிருக்க வேண்டிய சத்தம் நிற்கவில்லை. நான் சேணவாரை இறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். குழாய் நிறைந்தது.

அன்று காலை முழுவதும் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது. அந்தத் துப்பாக்கி சேணத்தில் ஆடிக்கொண்டே போகிறது. குதிரை சறுக்கினால் என்ன ஆகும், அவன் அதைக் கீழே போட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் சேணத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மேவிஸ் அவன் பக்கத்திலேயே போனாள். மூட்டைக் குதிரை நொண்டுகிறது என்று சொல்லி அவளைப் பின்னால் என்னோடு வைத்துக்கொண்டேன். அது நொண்டவில்லை. நான் எவ்வளவு கவனமானவன் என்பதை இதிலிருந்தே நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

மேட்டு விளிம்பில் எல்லாரும் இறங்கினோம். எதிர்ச்சரிவில் ஒரு பெரிய ஆண் மான், கொம்பில் பனியோடு. டெக்கர் ஒற்றை முழங்காலில் உட்கார்ந்தான். இடது கை குழாயைச் சுற்றிப் பிடித்திருந்தது. அப்போதுதான் ஹால்வரின் தோளையும் மேவிஸின் கையையும் பிடித்துப் பாறைக்குப் பின்னால் இழுத்தேன்.

"என்ன ஆர்லின்?" என்றாள் மேவிஸ்.

"காது அடைக்கும்மா" என்றேன்.

அவன் மூச்சை அடக்கினான். நானும் அடக்கினேன். கூப்பிட்டிருக்கலாம் என்கிறீர்கள். ஆமாம், நேரம் இருந்தது. ஆனால் குறி பார்க்கிறவனைக் கூப்பிடக் கூடாது. அது மரியாதை இல்லை.

வெடித்தது ஒரு சத்தம் இல்லை, இரண்டு. ஒன்றின் வாலில் இன்னொன்று.

மேவிஸ்தான் முதலில் ஓடினாள். அவன் இடது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. தொடையிலும் ஏதோ கிழித்திருந்தது. பனி வேகமாகச் சிவந்தது. என் பையில் இரத்தம் நிறுத்தும் பட்டை இருந்தது. அது இல்லாமல் நான் மலை ஏறுவதே இல்லை.

"கட்டுங்க ஆர்லின்! கட்டுங்களேன்!"

"மொதல்ல துப்பாக்கி" என்றேன்.

அதுதான் விதி. அடிபட்டவனைத் தொடுவதற்கு முன் துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் இன்னொருவன் விழுவான். கிழிந்த குழாயிலிருந்து மிச்சத் தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒவ்வொன்றின் மூக்கையும் பொட்டையும் பார்த்து, பனியில் தள்ளித் தள்ளி வைத்தேன். அவசரப்படவில்லை, அவசரத்தில்தான் விபத்து நடக்கிறது. ஹால்வர் என் பையைப் பிடுங்கிக் கொட்டினான். அவன் விரல்களுக்குப் பட்டையின் கொக்கி பிடிபடவில்லை. நான் கடைசித் தோட்டாவை வைத்துவிட்டுத் திரும்பியபோது டெக்கர் மேவிஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இமைக்கவில்லை.

இதற்குப் பெயர் கொலை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் கையெழுத்துப் போடுகிறேன். குழாயை நிரப்புவான் என்று தெரிந்துதான் செய்தேன். நிரப்ப வைக்கத்தான் மூன்று முறை சொன்னேன். மேவிஸை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் மேல் ஒரு கீறல் விழுந்ததா, கேட்டுப் பாருங்கள்.

ஹால்வர் வெளியே உட்கார்ந்திருக்கிறான் என்று சொன்னார்கள். அவனிடம் ஒன்று சொல்லுங்கள். அடுத்த நவம்பருக்கு அவனுக்குத் தோட்டா வேண்டியிருக்கும். அந்த வேலையைக் கண்டவனிடம் கொடுத்துவிட வேண்டாம். நான் செய்தது ஒன்றாவது நான் நினைக்காத இடத்தில் வெடித்திருக்கிறதா, அவனையே யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.