சவானாவுக்கு நேர் விமானம்

எனக்கு ஜன்னலோர இருக்கைதான் பிடிக்கும். இதை நீங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை, சும்மா சொன்னேன். சவானா கதையைச் சொல்லப்போகிறேன் என்று காலையிலிருந்து மனசு துள்ளிக்கொண்டே இருக்கிறது.

பெயர் மார்லிஸ் ஹௌகன், வயது ஐம்பத்திரண்டு. மினியாபோலிஸிலிருந்து எந்த ஊருக்கு நேர் விமானம் விடலாம், எதை நிறுத்தலாம் என்று திட்டம் போடுவதுதான் ஒரு விமான நிறுவனத்தில் பதினேழு வருஷமாக என் வேலை. நடுவில் இறங்கி மாறிப் போகிறவர்கள் தினம் எத்தனை பேர், எங்கள் இணையதளத்தில் அந்த ஊரைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்போம். தேறினால் விமானம். ஆனால் விமானம் என்ன, மரத்திலா காய்க்கிறது? ஒரு ஊரிடம் பிடுங்கித்தான் இன்னொரு ஊருக்குக் கொடுக்க வேண்டும்.

தெற்கே சவானா என்ற ஊரில் வென்டெல் இருக்கிறார். அக்கார்டியன் வாத்தியம் சொல்லிக்கொடுப்பவர். ஒரு கல்யாணத்தில் என்னோடு நான்கு பாட்டுக்கு ஆடினார். கிளம்பும்போது, "அட்லாண்டாவுல இறங்கி மாறி, அரை நாளத் தொலைச்சிட்டு என்னைப் பாக்க வருவியா, பனிக்கரடி? நேரா ஒரு பிளைட் விடு, ஏர்போர்ட் வாசல்லயே வந்து வாசிக்கிறேன்" என்று சிரித்தார். வீடு வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சவானாவுக்குத் தினம் முப்பத்தோரு பேர்தான் போய்க்கொண்டிருந்தார்கள். போதாது. என் நடனக் குழுவில் பத்தொன்பது பெண்கள்.

"காலைல காபிக்கு முன்னாடி ஆளுக்குப் பத்து தடவ சவானாவுக்கு டிக்கெட் தேடுங்கடி" என்றேன்.

"யாருடி அந்த ஆளு? போட்டோவக் காட்டு, இல்லேன்னா தேட மாட்டோம்."

காட்டினேன். மூன்றே மாதத்தில் சவானா பட்டியலின் உச்சிக்குப் போய்விட்டது. அறிக்கையைப் படித்து, கதவைச் சாத்திக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

விமானத்தை வட டகோட்டாவின் ஓர்விக்கிடமிருந்து எடுக்கலாம் என்று தோன்றியது. சின்ன ஊர். இருந்தும் அந்த விமானம் முக்கால்வாசி நிரம்பியே வந்தது, எனக்கு எரிச்சல். காலை பத்து மணிக்குக் கிளம்பியதை விடிகாலை ஐந்தேகாலுக்கு மாற்றினேன். இங்கே வந்து இறங்கினால் அடுத்த விமானத்துக்கு நான்கு மணி நேரம் தேவுடு காக்க வேண்டும். கூட்டம் தானாகக் குறைந்தது. வராதே என்று நான் யாரையும் சொல்லவில்லை.

ஓர்விக் விமான நிலைய மேலாளர் டெல்மர் ஒவ்வொரு வசந்தத்திலும் என்னைப் பார்க்க வருவார். அவர் மனைவி ஆர்டிஸ் சுட்ட உருளைக்கிழங்கு ரொட்டி கையில் இருக்கும். அந்த முறையும் இருந்தது.

"மார்லிஸ், ஆர்டிஸ் மாற்று ஈரலுக்கு லிஸ்டுல இருக்கா. போன் வந்தா ஆறு மணி நேரத்துல இங்க ஆஸ்பத்திரில இருக்கணும். பனி கொட்டுச்சுன்னா ரோடே கிடையாது. பழைய நேரத்தையே குடுத்துடுங்க, கூட்டம் திரும்ப வந்துடும்."

"நம்பர் சொல்றதத்தான் நான் செய்யறேன், டெல்மர்."

அவர் நம்பினார். பாவம், நல்ல மனிதர். ரொட்டி அருமை, வெண்ணெய் தடவி மூன்று தின்றேன்.

அக்டோபரில் ஓர்விக் விமானத்தை நிறுத்தும் தாளில் கையெழுத்துப் போட்டேன். ஜனவரி ஒன்பது, சவானாவுக்கு முதல் விமானம். அன்று காலை எட்டு மணிக்கு ஆர்டிஸுக்குப் போன் வந்ததாம். முந்தின நாள் பனியில் நெடுஞ்சாலை மூடிக் கிடந்தது. வானம் மட்டும் பளிச்சென்று இருந்தது, எந்த விமானமும் பறந்திருக்கும். மருத்துவ ஹெலிகாப்டர் வேறெங்கோ போயிருந்தது. ஈரல் வேறொருவருக்குப் போயிற்று. ஆர்டிஸ் இன்னும் பதினொரு நாள் இருந்தார்.

தெரிந்துதான் செய்தீர்களா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். பத்து மணி விமானம் இருந்திருந்தால் அந்தம்மா பிழைத்திருப்பார், அதுவும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

சவானா விமானத்தின் எழுபத்தாறு இருக்கையில் அன்று நாங்கள் ஒன்பது பேர். நான் ஜரிகை வைத்த நீலச் சட்டை போட்டிருந்தேன். சவானாவில் வாசலில் வென்டெல் இல்லை. போன் போட்டேன்.

"எந்த மார்லிஸுங்க?" என்றார்.

அவருடைய இந்தக் குறும்புதான் எனக்கு முதலிலிருந்தே பிடிக்கும்.