பத்தொன்பதாவது நிமிடம்

பழைய காரில் முன்விளக்கு எரியவில்லை என்றால் எல்லோரும் முதலில் பல்பைத்தான் கழற்றுவார்கள். நான் கழற்ற மாட்டேன். முதலில் எர்த்தைப் பார்ப்பேன், அதாவது கம்பி காரின் இரும்பு உடம்போடு சேருகிற இடத்தை. ஐம்பது வயதான இரும்பில் பெயின்ட்டும் துருவும் ஏறியிருக்கும்; சுரண்டிவிட்டுத் திருகை முடுக்கினால் பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிடும். யார் எதைக் கேட்டாலும் எர்த்தைப் பார் என்று சொல்லிச் சொல்லி, பட்டறைப் பக்கம் எனக்கு எர்த்து என்றே பெயர் நிலைத்துவிட்டது. நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளலாம், ஐயா.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் லாரி டிரைவர் உண்மையைத்தான் சொல்கிறார். மலைச் சுரங்கப்பாதைக்குள் அந்தச் சிவப்புக் கார் விளக்கில்லாமல்தான் வந்தது. உங்கள் நிபுணர் நொறுங்கிய காருக்கு வேறு பாட்டரி கொடுத்து ஸ்விட்சைப் போட்டார். மிஞ்சியிருந்த ஒற்றை விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதனால் டிரைவர் புளுகுகிறார் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். நிபுணரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் எத்தனை நிமிடம் எரியவிட்டுப் பார்த்தார் என்று மட்டும் கேளுங்கள். ஐந்து நிமிடம் எரிந்தால் சரி என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பதினொரு வருடம் நானும் அந்தத் தப்பைத்தான் செய்தேன்.

கார் என் மாமாவுடையது, அக்காவின் கணவர். இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். வீட்டுக் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தபோது அந்தக் காருக்குத் தனிக் கொட்டகை எழும்பியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மலைமேல் பழைய கார்க்காரர்களின் சங்கம் கூடும். மலை அடிவாரத்தில், பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். மாமா ஒழுங்காக அங்கே விளக்கைப் போடுவார். பாதி மலையில் இரண்டு விளக்கும் ஒன்றாக அணைந்துவிடும். மேலே சோதனைச் சாவடியில் நிறுத்திவைத்துத் திட்டுவார்கள். திட்டி முடிப்பதற்குள் விளக்கு தானாக எரியும். மறுநாள் என்னிடம் கொண்டுவந்தால் குறையே தெரியாது. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்களே, அந்தக் கதைதான்.

எர்த்து எல்லாம் சுரண்டினேன். கம்பிகளை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் எரியவிட்டு, சரி மாமா என்று அனுப்பினேன். ஞாயிறு மதியம் போன் வரும். மாமா கோபப்பட மாட்டார், அதுதான் கொடுமை. சிரிப்பார். சங்கத்து ஆட்கள் வந்திருந்தால் என்னைத் தோளில் தட்டி அறிமுகம் செய்வார்.

"என் மச்சினன். இவனுக்கு பல்பு வாங்கத்தான் தெரியும், மாட்டத் தெரியாது."

பதினொரு வருடம் ஒரே நகைச்சுவை. அலுத்துப்போனது, ஐயா. கோபம்கூட வராத அளவுக்கு அலுத்துப்போனது.

குறை அகப்பட்டது சென்ற மாதம். பட்டறையில் விளக்கைப் போட்டுவிட்டு நின்றேன், அக்கா போன் செய்தாள். கூரைக்காக எடுத்து வைத்திருந்த பணத்தை மாமா காரின் டயருக்குக் கொடுத்துவிட்டாராம். நெடுநேரம் அழுதாள்.

"அந்த வண்டி ஒழிஞ்சாத்தான்டா எனக்கு நிம்மதி," என்றாள்.

சமாதானம் சொல்லிப் போனை வைத்துவிட்டுத் திரும்பினால், எதிர்ச்சுவரில் விழுந்துகொண்டிருந்த வெளிச்சத்தைக் காணோம். தொடாமல் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தானாக எரிந்தது. அப்போதுதான் புரிந்தது. அந்தக் கார்களில் ஸ்விட்சின் முதுகில் ஒரு மெல்லிய தகடு உண்டு. மின்சாரம் அதிகமானால் அது சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஆறினால் நிமிர்ந்து மறுபடி சேரும். பழைய பல்பு போதாதென்று மாமா பெரிய பல்புகள் போட்டிருந்தார். அதைத் தாங்க அந்தத் தகட்டால் முடியவில்லை. மறுபடி எரியவிட்டுக் கடிகாரத்தில் பார்த்தேன்: இருபத்தாறு நிமிடம் பொறுத்தது, பிறகு கைவிட்டது. பாவம், அதற்கும் அலுப்பு.

மருந்து சுலபம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரிலே. பல்புகளின் சுமையை ஸ்விட்சுக்குப் பதில் அது தாங்கிக்கொள்ளும். அரைமணி நேர வேலை. அன்றே பொருத்தினேன். ஒரு மணி நேரம் எரியவிட்டேன், அசையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையைக்கூடக் கழுவாமல் மாமாவிடம் சொல்ல ஓடினேன்.

கூடத்தில் சங்கத்து ஆட்கள் நான்கு பேர் இருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா அந்தப் பல்பு நகைச்சுவையைச் சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்த அக்காவும் சிரித்தாள். அவள் வேறென்ன செய்வாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டறைக்குத் திரும்பி ரிலேயைக் கழற்றிவிட்டேன்.

அக்கா நிம்மதி கேட்டாள், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. நான் எதையும் கெடுக்கவில்லை, இருந்ததை இருந்தபடி விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். முழுக்க அப்படி விடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அடிவாரப் பலகையிலிருந்து சுரங்கப்பாதையின் நடு வளைவுக்கு மாமாவின் வேகத்தில் பத்தொன்பது நிமிடம். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் பின்னால் போய்க் கணக்கெடுத்தேன். உள்ளே விளக்குக் கிடையாது, இருபக்கப் போக்குவரத்து. வளைவில் இரண்டு வாயிலின் வெளிச்சமும் எட்டாது. மாமா அங்கே வேகத்தைக் குறைக்க மாட்டார், இன்ஜின் சத்தம் சுவரில் மோதித் திரும்புவது அவருக்குப் பிடிக்கும். ஆக, இருபத்தாறைப் பத்தொன்பதாக்க வேண்டும். ஸ்விட்சுக்குப் பின்னால் ஒரு திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். தளர்ந்த இணைப்பு சூடேறும், அந்தச் சூடு தகட்டை அவசரப்படுத்தும். ஐந்து நாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு திருகினேன், எரியவிட்டேன், மறுபடி திருகினேன். என் தொழிலில் வேறெந்த வேலையையும் அவ்வளவு அக்கறையாகச் செய்ததில்லை.

அந்த ஞாயிறு சங்கத்தின் ஆண்டு விழா என்று எனக்குத் தெரியாது. மனைவியோடு வர வேண்டுமாம். அக்கா ஆறு வருடமாக அந்தக் காரில் ஏறியதே இல்லை. ஒருமுறை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனபோது சுரங்கப்பாதைக்குள்ளேயே விளக்கு அணைந்துவிட்டது. அலறி இறங்கியவள், அதன்பின் தொட்டதில்லை. நான் காரை ஒப்படைக்கக் காலையில் போனபோது அவள் புதுச் செருப்போடு வாசலில் நின்றாள். கண்ணுக்கு மை இட்டிருந்தாள். அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

மாமா உட்கார்ந்து விளக்கைப் போட்டுக் காட்டினார். எதிரே இருந்த கொட்டகைக் கதவில் இரண்டு வட்டமும் விழுந்தன. அக்கா என்னை ஓரமாக அழைத்தாள்.

"டேய், அவர் சொன்னா நம்ப மாட்டேன். நீ சொல்லு. லைட்டு சரியா இருக்கா?"

மாமா உள்ளேயிருந்து சிரித்தார். "அவனைப் போய்க் கேக்குற பாரு."

அக்காவும் சிரித்தாள்.

எனக்கு அப்போது நேரம் இருந்தது, ஐயா. அவசரத்தில் நடந்துவிட்டது என்று எழுதாதீர்கள். ஏறாதே என்று சொல்லியிருக்கலாம். பாட்டரிக் கம்பியைப் பிடுங்கியிருக்கலாம். தலைவலி, என்னை டாக்டரிடம் கூட்டிப்போ என்றால் அவள் அந்த நிமிடமே விழாவை விட்டுவிட்டு வந்திருப்பாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும்: பதினொரு வருடம் கழித்தும் இவனால் ஒரு விளக்கைச் சரிசெய்ய முடியவில்லை. அதை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை.

சரியா இருக்குக்கா, என்றேன். அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். அவள் உட்கார்ந்து, என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

லாரி டிரைவரை அனுப்பிவிடுங்கள், அவருக்கும் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். அந்தத் திருகை அடிவாரத்துக்கும் வளைவுக்கும் கணக்கு வைத்துத் தளர்த்தியது நான். என் மாமாவைக் கொன்றது நான். அக்காவின் சாவைப் பற்றி நீங்கள் மறுபடி மறுபடி கேட்கிறீர்கள், அதனால் ஒன்றை மட்டும் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவளிடம் நான் பொய் சொல்லவில்லை. அவள் கேட்ட நேரத்தில் இரண்டு விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தன.